மல்லசமுத்திரத்தில் ஒரு மலைத்தோட்டம்

மல்லசமுத்திரத்தில் சித்திரை மாதத்து வெயிலில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டிருந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகப் போட்டிருந்தால், அவர்கள் தனபாலின் தேயிலைத் தோட்டத்தில் இலை கிள்ளுகிறவர்கள் என்று அர்த்தம்.

தமிழ்ச்செல்வி அந்த வரிசையில் இரண்டாவதாக நின்றாள். தகரக் கூரை போட்ட கோழித்தீவனக் கிடங்கு. கழுத்துவரை பொத்தான் மாட்டிய கம்பளி ஸ்வெட்டர், இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் படுதா, முதுகில் கூடை. ஸ்வெட்டரின் விலைச்சீட்டு கழற்றப்படாமல் உள்பக்கமாக மடக்கிக் குத்தப்பட்டிருந்தது. சாயங்காலம் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சீட்டு கழுத்தில் உரசி உரசித் தோலைப் பிறாண்டியது.

“அம்மிணி, மொகத்தத் தொடச்சுக்கங்க. பனி பெய்யற ஊர்ல ஆருக்கும் இப்பிடி ஒழுகாதுங்க” என்றார் தனபால்.

தனபால் யாரிடமும் ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். கோழியை விரட்டினாலும் ‘போங்க, அக்கட்டப் போங்க’ என்றுதான் விரட்டுவார் என்று ஊரில் சொல்வார்கள். முட்டையில் சம்பாதித்ததைக் கொண்டு மூன்று வருடங்களுக்கு முன் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்துப் பெண்கள் மழைக்கோட்டு கேட்டார்கள், ‘தரலாமுங்க’ என்றார். மலைச்சரிவில் ஒதுங்க ஒரு கழிப்பறை கேட்டார்கள், ‘கட்டலாமுங்க’ என்றார். மூன்று மழைக்காலமாக அவர்கள் அந்தத் ‘தரலாமுங்க’வைப் போர்த்திக்கொண்டு நனைந்து, அந்தக் ‘கட்டலாமுங்க’வுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

தோட்டத்தில் பிள்ளைகள் காப்பகம் என்று ஒரு கட்டடம் உண்டு. பழைய முதலாளி காலத்தில் அங்கே ஆயா இருந்தாள், பால் காய்ந்தது, பிள்ளைகள் தூங்கின. தனபால் வந்து பார்த்தார். ‘நல்ல கெட்டியான கட்டடமுங்க’ என்று பாராட்டினார். மறுநாளிலிருந்து மேனேஜரின் ஜீப் அங்கே தூங்கியது. ஜீப்புக்குச் சளி பிடிக்கக் கூடாது அல்லவா.

தமிழ்ச்செல்வியின் மகன் தர்ஷனுக்கு ஒன்றரை வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புருஷனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவள் இலை கிள்ளும் இடத்துக்கே பிள்ளையைத் தூக்கிப்போய், சாக்கை விரித்து உட்கார வைத்து, சரிவில் உருண்டுவிடாதபடி பழைய சேலைத் துண்டால் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டுப் போவாள். போன மாதம் பிள்ளை மரத்தைச் சுற்றிச் சுற்றி விளையாடியிருக்கிறது. சேலை மேலே ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. பக்கத்து வரிசையில் கிள்ளிக்கொண்டிருந்த கந்தம்மாள் பார்த்து, கூடையை வீசிவிட்டு ஓடினாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. பிள்ளையின் கழுத்தில் தழும்பு ஒன்று கயிற்றுக்கோடு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தமிழ்ச்செல்விக்கு ஒரே கேள்விதான். நாளைக் காலையில் பிள்ளையை எங்கே விடுவது? ஒவ்வொரு நாளும் அந்த நாளைக் காலை வந்துகொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் தனபாலின் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மனசாட்சி வந்தது. தொழிலாளர் நலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் இனிமேல் வாங்குவார்களாம். கொரோனாவுக்குப் பிறகு மனசாட்சியும் செல்போனிலேயே வேலை பார்க்கப் பழகிவிட்டதால், ஆடிட்டர் நேரில் வராமல் வீடியோவில் பார்ப்பாராம்.

காப்பகத்தைக் காட்ட வேண்டும். காப்பகத்தில் ஜீப் இருந்தது. ஜீப்பை வெளியே விடுவது எளிய வழி. ஆனால் ஜீப்புக்கு வேறு இடம் சரிப்படாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனவே தனபால் பெரிய வழியை எடுத்தார். ‘தோட்டத்துல சிக்னல் இல்லீங்க’ என்று சொல்லி, அடையாள அட்டையோடு முகத்தை ஒத்துப் பார்ப்பார்கள் என்பதால் நிஜத் தொழிலாளர்களையே பிள்ளைகளோடு வேனில் ஏற்றி, மலையிலிருந்து மல்லசமுத்திரத்துக்கு இறக்கிவிட்டார். மலையை அமைக்கும் வேலை குணசீலனுக்குக் கொடுக்கப்பட்டது.

குணசீலன் கல்யாண மேடை ஜோடிக்கிறவன். கைலாசத்தை ஒரு மணி நேரத்தில் கட்டி, தாலி கட்டி முடிந்ததும் அரை மணியில் பிரித்துவிடுவான். தீவன மூட்டைகளை மறைத்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தான். அதில் பச்சைப் பசேல் என்று தேயிலை மலை, மேகம், ஓர் அருவி. கீழ் ஓரத்தில் மங்கலாக, போன வாரத்து மணமக்களின் பெயர் பாதி தெரிந்தது. அதை ஒரு பூந்தொட்டியால் மறைத்திருந்தான். இரண்டு ஃபேன், பொம்மைகள், கரும்பலகை. கழிப்பறைக்கு ஒரு கதவு மட்டும் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு தொட்டில். பெயர் வைக்கும் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் தொட்டில் அது: தங்க வண்ணம், பிளாஸ்டிக் மல்லிகைச் சரம், இரண்டு பக்கமும் மயில்.

“காப்பகத்துல மயில் எதுக்குங்க?” என்றார் தனபால்.

“மயிலு வெல்டிங்குங்ணா. கழட்ட முடியாது” என்றான் குணசீலன். “அஞ்சு மணிக்கு மோகனூர்ல ஒரு பேரு வெக்கற விசேஷம். அதுக்குள்ள தொட்டில் அங்க இருக்கோணும். பாத்துக்கங்க.”

ஆயா வேடம் பழனியம்மாளுக்கு. கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் பெண். வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் வந்ததும் பிள்ளைகளின் ஸ்வெட்டர்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

“அய்யோ, போடோணுமுங்க!” என்று பதறினார் தனபால்.

“போட்டா வெந்து போயிருமுங்க மொதலாளி. கோழிக்கு வெயில் தாங்காதுன்னு கூரை மேல தண்ணி தெளிக்கறீங்க. இது கோழி இல்லீங்ளே, புள்ளைங்க.”

தனபால் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்களுக்குத் தண்ணீர் வந்தது. கிடங்கில் மற்ற எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். இவர்களுக்குப் பேப்பர் கப். கந்தம்மாள் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, டம்ளரு எல்லாம் தேஞ்சு போச்சுங்ளா?”

“சுத்தமுங்க. ஆடிட்டுல சுத்தம் பாப்பாங்க” என்றார் தனபால். பிறகு எல்லாரையும் அரை வட்டமாக நிற்க வைத்துப் பாடம் சொன்னார். என்ன கேட்டாலும் ஆமாங்க. மழைக்கோட்டு உண்டு, ஆமாங்க. பால் உண்டு, ஆமாங்க. “ஆராச்சும் வேற ஏதாச்சும் பேசுனீங்கன்னா, சான்றிதழ் போச்சு. வாங்கறவன் போயிருவான். ஃபேக்டரிய மூடிட்டு, நீங்க குடியிருக்கற லயன் வீட்டுச் சாவிய வாங்கிட்டு, உங்கள எல்லாம் இறக்கி விடறதத் தவுர எனக்கு வழி இல்லீங்க. எனக்குக் கோழி இருக்குதுங்க. உங்களுக்கு என்னங்க இருக்குது?”

இவ்வளவு மரியாதையாக ஒரு கத்தியைக் கழுத்தில் வைக்க அவரால்தான் முடியும். தமிழ்ச்செல்விக்கு உள்ளே எரிந்தது. ஆனால் அவர் சொன்ன கணக்கு தப்பில்லை என்பதும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வீடு போகும். பொய்யைச் சொன்னால் காப்பகம் இருப்பதாகக் காகிதத்தில் ஏறிவிடும். இருப்பதாக ஏறிவிட்ட ஒன்றை இல்லை என்று அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு பக்கமும் மரம். நடுவில் சேலைத் துண்டு.

செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார்கள். திரையில் ஆடிட்டர் வந்தார். கண்ணாடி போட்ட, தமிழ் தெரிந்த ஒரு பெண்மணி. ஏசி அறையில் இருந்தார் போலும், தோளில் சால்வை. அவரைப் பார்த்தால்தான் மலைத்தோட்டத்தில் இருப்பவர் மாதிரி இருந்தது.

“வணக்கம். பின்னாடி தெரியறது தோட்டமா? ரொம்ப அழகா இருக்கு.”

“அத்தனையும் நம்முளுதுங்க” என்றார் தனபால், ஃப்ளெக்ஸைப் பார்த்து.

அடையாள அட்டைகள் சரிபார்க்கப்பட்டன. ஒவ்வொருத்தியும் ஆமாங்க என்றாள். ஆமாங்க, ஆமாங்க என்று கிடங்கே பஜனை மடம் மாதிரி ஆனது. ஆடிட்டர் கழிப்பறையைக் காட்டச் சொன்னார். கதவைக் காட்டினார்கள்.

“திறந்து காட்டுங்களேன்.”

“உள்ள ஆள் இருக்குதுங்க” என்றார் தனபால்.

சுகாதார வசதிகள் பற்றிப் பேசிவிட்டு மீண்டும் கேட்டார். இன்னும் ஆள் இருந்தது. குடிநீர் பற்றிப் பேசிவிட்டு மீண்டும் கேட்டார். “அதே ஆளுதானுங்க. வயிறு சரியில்லீங்க, பாவம்.” கதவுக்குப் பின்னால் சுவர் அமைதியாக இருந்தது.

“சரி, குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கறீங்கன்னு காட்டுங்க.”

இங்கேதான் தனபாலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆயாவைக் கூப்பிட வேண்டியவர், தானே குனிந்து தர்ஷனை இரண்டு கையாலும் தூக்கினார். “இவங்க எல்லாம் தொழிலாளிங்கன்னு நாங்க நெனைக்கறதில்லீங்க. ஒரே குடும்பமுங்க. ஒறம்பற, சொந்தபந்தம் மாதிரிங்க” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தி, ஒரு ஆட்டு ஆட்டினார்.

யாரிடமும் போகாத பிள்ளை. ஆனால் ஃபேன் காற்று அந்தத் தொட்டிலுக்கு நேராக வந்தது. ராத்திரி முழுக்க வேனில் குலுங்கி வந்த அசதி. தர்ஷன் இரண்டு கையையும் அகல விரித்துப் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். இடுப்பில் முடிச்சு இல்லாமல், சாக்கு இல்லாமல், அப்படிக் கைவிரித்து அவன் பகலில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

“நீங்கதான் அம்மாவா?” ஆடிட்டர் அவளைத்தான் கேட்டார். “நாளைக்கும் குழந்தையை இங்கதான் விடுவீங்களா?”

பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. கந்தம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். தனபால் கண்ணாலேயே ‘ஆமாங்க’ என்றார். தமிழ்ச்செல்வி தொட்டிலைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

“ஆமாங்க. நாளைக்கும் இங்கதான் விடுவேன். சத்தியமா.”

ஆடிட்டர் சிரித்தார். தனபால் கும்பிட்டார். திரை அணைந்தது. கழிப்பறைக்குள் இருந்த ஆளுக்கும் வயிறு சரியானது.

அதற்கப்புறம் எல்லாம் கல்யாண மண்டபத்து வேகம். ஃப்ளெக்ஸில் ஒரு முனை அவிழ்ந்து மலை மடங்கியது. வேன் ஹாரன் அடித்தது. “ஸ்வெட்டர் எல்லாம் கழட்டி அந்தப் பெட்டில போட்டுட்டு ஏறுங்க அம்மிணி” என்றார் தனபால். குணசீலன் தொட்டிலிடம் வந்தான்.

தமிழ்ச்செல்வி தொட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, புள்ளைய எடுங்க. மோகனூருக்கு நேரமாச்சு.”

“தூங்கறான்.”

“தூங்கட்டும், வேன்ல தூங்கட்டும்.”

“நாளைக்கும் இங்கதான் விடுவேன்னு சொல்லிட்டனே, தம்பி. அந்தம்மா கேட்டுச்சு, சத்தியமும் பண்ணிட்டன். நாளைக்கு நான் எங்க விடறது?”

தனபால் சிரித்தார். “அது சும்மா சொன்னதுங்க அம்மிணி.”

“நீங்க சும்மா சொன்னீங்க. நான் நெசமாத்தான் சொன்னேன்.”

கந்தம்மாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக. வேன் டிரைவர் ஹாரனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கினான். முட்டை பிரிக்கிறவர்கள், தீவனம் அரைக்கிறவர்கள், எல்லாரும் கிடங்கு வாசலில் கூடிவிட்டார்கள்.

“நான் எடுத்துக்கறேன் புள்ளைய” என்று குணசீலன் குனிந்தான். பழனியம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அவள் இன்னும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை.

“தொடாதீங்க தம்பி. நம்ம பக்கத்துல மொதமொதல்ல புள்ளையத் தூக்கித் தொட்டில்ல போடறது ஆரு?”

“மாமன்” என்றான் குணசீலன். தினமும் அதே தொழில், அவனுக்குத் தெரியாதா?

“போட்டது ஆரு?”

எல்லாரும் தனபாலைப் பார்த்தார்கள்.

“தாய்மாமன் போட்ட தொட்டில் மாமன் சீருங்க. அதத் திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னா எந்த ஊட்டுலயும் நான் கேள்விப்பட்டதில்லீங்க. அதுலயும் புள்ள தூங்கறப்ப” என்றாள் பழனியம்மாள்.

வாசலில் யாரோ சிரிப்பை அடக்க, அது மூக்கு வழியாக வந்தது. தனபாலின் முகத்தில் அந்த நாள் முழுக்க வராத வியர்வை இப்போது வந்தது. அவர் ஊரில் மாமன் சீர் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. யார் யாருக்கு மாமன், யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யாருக்கு எவர்சில்வர், யாருக்குப் பேப்பர் என்பதெல்லாம் அதில் அடக்கம். தோட்டத்தில் இலை கிள்ளுகிற ஒருத்தியின் பிள்ளைக்கு மல்லசமுத்திரத்துத் தனபால் தாய்மாமன் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அடுத்த முகூர்த்தத்தில் அவர் தலைகாட்ட முடியாது.

தமிழ்ச்செல்விக்கு அது புரிந்தது. அவருக்கு எது கூசும் என்று தெரிந்த கணத்தில் அவளுக்கு அருவருப்புதான் வந்தது. பிள்ளையின் கழுத்துத் தழும்பைப் பார்த்துக் கூசாதவர், அதே பிள்ளைக்கு மாமன் என்ற சொல்லுக்குக் கூசுகிறார். சரி, அப்படியென்றால் அதையே எடுத்துக்கொள்வோம் என்று அவள் நிமிர்ந்தாள்.

“ஒறம்பறன்னு நீங்கதானுங்ளே அந்தம்மாகிட்டச் சொன்னீங்க? வீடியோவுல எல்லாம் பதிஞ்சு கெடக்குது. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லாத கொற தீந்துதுங்... அண்ணா.”

“அண்ணான்னு சொல்லாத!”

‘ங்க’ கீழே விழுந்து உடைந்தது. கிடங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக அவர் நிஜமாகப் பேசினார்.

“பொறவு எப்பிடிங்க கூப்பிடறது?” என்றாள் கந்தம்மாள். “எனக்கும் தம்பி மொறைதானுங்ளே ஆகோணும்? எம்பட பேரனுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறன். சீரு கொண்டுட்டு வந்துருவீங்களா?”

“என்ன வேணும் உங்களுக்கு?” தனபால் பல்லைக் கடித்தார்.

“ஜீப்ப வெளிய விடுங்க” என்றாள் தமிழ்ச்செல்வி. “காப்பகத்தத் தொறங்க. ஆயா போடுங்க. அவ்வளவுதான். எம் புள்ளைய மரத்துல கட்டமாட்டேன் இனி.”

“பண்ணலாமுங்க.” ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. அதோடு அந்த ‘லாம்’-உம் வந்துவிட்டது.

“இப்பவே பண்ணுங்க. பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்.”

“இங்கிருந்துட்டு எப்பிடிப் பாப்பீங்க?”

அவள் ஸ்டாண்டில் மாட்டியிருந்த செல்போனைக் காட்டினாள்.

தோட்டத்தில் சிக்னல் நன்றாகவே இருந்தது. முதல் மணியிலேயே மேனேஜர் மாதேஸ்வரன் திரையில் வந்தார். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த முகம். முதலாளியின் அருகில் இலை கிள்ளுகிற பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் போனைத் துடைத்துப் பார்த்தார். தனபால் சொல்லச் சொல்ல, ஜீப் உறுமிக்கொண்டு பின்வாங்கி வெளியே வந்தது. மழையில் நனையட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

“உள்ள போங்க சார்” என்றாள் தமிழ்ச்செல்வி. “அந்த மூலையக் காட்டுங்க. அது என்ன?”

“உர மூட்டைம்மா.”

“எடுக்கச் சொல்லுங்க. தரையில எண்ணெய் சிந்தியிருக்குது, கழுவச் சொல்லுங்க. பின்னால கக்கூஸ் ஒண்ணு இருந்துதுங்ளே, அந்தக் கதவக் காட்டுங்க. தொறங்க.”

மேனேஜர் தயங்கினார்.

“உள்ள ஆள் இருக்குதுங்ளா?” என்றாள் கந்தம்மாள். கிடங்கு முழுக்கச் சிரித்தது. கதவு திறந்தது. உள்ளே ஜீப்பின் பழைய டயர்கள் இருந்தன. அவையும் வெளியே வந்தன.

“இப்ப செவுத்தத் தட்டுங்க சார்.”

“எதுக்கும்மா?”

“தட்டுங்க.”

மேனேஜர் தட்டினார். ஃப்ளெக்ஸ் மாதிரி படபடக்கவில்லை. சுவர் சுவராகவே சத்தம் கொடுத்தது. அப்போதுதான் தமிழ்ச்செல்வி மூச்சு விட்டாள்.

ஆயாவுக்கு எங்கே போவது என்று தனபால் கேட்டபோது பழனியம்மாள் வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் தடவினாள். “நானே போறனுங்க. ஊட்டுல எனக்கு ஆரு இருக்கறாங்க. முட்டை பிரிக்க வேற ஆளப் பாத்துக்கங்க.” தனபால் சரியென்று தலையாட்டினார். இன்னொரு முறை யாராவது அண்ணா என்று கூப்பிடுவதற்குள் எல்லாரும் போய்விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

“எம்பட தொட்டிலு?” என்றான் குணசீலன் பரிதாபமாக.

“மாமன் சீருங்க தம்பி” என்றாள் பழனியம்மாள். “மாமனக் கேளுங்க.”

குணசீலன் மாமனைப் பார்த்தான். மாமன், பெண்களே தூக்கிக்கொண்டு போகட்டும் என்று கையை மட்டும் ஆட்டினார். மோகனூருக்கு வேறு தொட்டில் தேடி அவன் ஃபோனை எடுத்தான்.

பிள்ளை கண் விழித்த பிறகுதான் தொட்டிலை வேன் மேலே ஏற்றிக் கட்டினார்கள். தங்க வண்ணம் வெயிலில் மினுங்கியது. இரண்டு மயிலும் மலைப் பக்கம் பார்த்தபடி நின்றன. ஸ்வெட்டர்ப் பெட்டி வாசலில் காலியாகக் கிடந்தது. கடைசியாக ஏறிய கந்தம்மாளைத் தனபால் பார்த்தார். அவ்வளவு வெயிலிலும் அவள் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள்.

“ஸ்வெட்டருங்க...”

“மலைக்குப் போறமுங்க. குளுருமுங்ளே” என்றாள் கந்தம்மாள். உள்பக்கம் குத்தியிருந்த விலைச்சீட்டைப் பிய்த்து அவர் கையில் வைத்துவிட்டு ஏறினாள்.

தமிழ்ச்செல்வி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். இது ஒரு நாள் கூத்தாகவும் முடியலாம் என்று அவளுக்குத் தெரியும். வேன் மலை ஏறுவதற்குள் தனபால் மேனேஜருக்குப் போன் போட்டு ஜீப்பைத் திரும்ப உள்ளே விடச் சொல்லலாம். கட்டியதைப் பிரிப்பதில் கெட்டிக்காரன் குணசீலன் ஒருவன் மட்டுமில்லை. மடியிலிருந்த தர்ஷனின் கழுத்துத் தழும்பை விரலால் ஒரு முறை தடவிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“காப்பகத்துல புள்ளைய விட்டதும் வீடியோவுல கூப்பிடறனுங்க. தெனமும் காத்தால கூப்பிடறேன். எடுங்க... இல்லீன்னா ஊட்டுக்கே வாரேன். மாமன் ஊட்டுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வர்றதுக்கு ஆரு என்ன சொல்லப்போறாங்க?”

வேன் கிளம்பியது. கிடங்குக்குள் ஃப்ளெக்ஸின் இன்னொரு முனையும் அவிழ்ந்து மலை முழுசாகத் தரையில் விழுந்தது. தனபால் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். அதை அணைத்துவிடலாமா என்று யோசித்தார். முட்டை பிரிக்கிறவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சார்ஜில் போட்டார்.